மொத்த ஓட்டப் பந்தயம் பாதிக்குப் பாதி அல்ல

ஆசிரியருக்கு,

கிரிக்கெட் பந்தயங்களைப் பற்றித் தங்கள் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான கடிதம் ஒன்றைப் படித்தேன். பம்பலப்பிட்டியிலிருந்து அதை எழுதியவர் பந்தயத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்த அணி வெல்லும் என்று பணம் கட்டுவதே ஆபத்து என்றும், இரண்டு அணிகளும் சேர்ந்து எத்தனை ஓட்டம் எடுக்கும் என்று கட்டுவதில் அவ்வளவு கெடுதல் இல்லை என்றும் அவர் சொல்கிறார். அதில் கூட, குறைய என்று இரண்டே பதில்கள்தானாம். ஆகவே பாதிக்குப் பாதியாம். ஆட்டம் தெரிந்தவன் காலப்போக்கில் முன்னேதான் நிற்பானாம். இதை நம்பிப் பணத்தைக் கட்டும் பிள்ளைகள் என் கண்முன்னே இருக்கிறார்கள். அதனால் இந்தப் பதிலை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். கணக்கைச் சுருக்கினால் அது மீண்டும் ஒரு வெறும் அறிவுரையாகிவிடும்.

கொழும்பில் பாடசாலை ஆட்டங்களுக்கும் கழக ஆட்டங்களுக்கும் ஓட்டப் பதிவாளராக இருந்தவன் நான். மொத்த ஓட்டம் என்ற எண் பிறப்பதைப் பந்து பந்தாக எழுதிப் பார்த்திருக்கிறேன். மைதானத்தின் ஓரத்தில் அணிக்கு ஒருவராக இரண்டு பதிவாளர்கள் அருகருகே அமர்ந்திருப்போம். நடுவர் சைகை காட்டினால், நாங்கள் கை உயர்த்தி அதை ஏற்றுக்கொள்ளும் வரை ஆட்டம் தொடராது. ஒவ்வொரு ஓவரும் முடிந்ததும் இரண்டு தாள்களிலும் எண்ணிக்கை ஒன்றுதானா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்போம். இன்னிங்ஸ் முடிந்த பிறகு வேறொரு சோதனை இருக்கிறது. துடுப்பாட்ட வீரர்களின் ஓட்டங்களோடு, துடுப்பால் அடிக்காமல் வரும் உதிரி ஓட்டங்களைக் கூட்டினால் ஒரு தொகை வரும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு, அவர்கள் கணக்கில் சேராத பை, லெக் பை என்ற உதிரி ஓட்டங்களைக் கூட்டினால் இன்னொரு தொகை வரும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓர் ஓட்டம் இடித்தாலும் தாளை முதலிலிருந்து பார்ப்போம். வெயிலில் காய்ந்து, பசியோடு உட்கார்ந்து, காணாமற்போன ஒரு லெக் பையைத் தேடிப் பிடித்த மாலைகள் பல. அந்த எண்ணின் மீது எனக்குப் பக்தி என்றே சொல்லலாம்.

எங்கள் தொடர்மாடிக்குக் கீழே தொலைபேசி ரீலோட் கடை ஒன்று இருக்கிறது. கெத்தாராமை மைதானத்தில் இரவு ஆட்டம் என்றால் மாலையிலேயே அதன் வாசலில் இளைஞர்கள் கூடிவிடுவார்கள். அவர்களில் ஒருவன் புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, தாயாருக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கடை வாசலுக்கே வருவான். நான் பதிவாளராக இருந்தது அவனுக்குத் தெரியும். "மாமா, இன்றைக்கு 320 தாண்டுமா?" என்று கேட்டான். "யார் வெல்வார்கள் என்று நினைக்கிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "அது எனக்குத் தேவையில்லை மாமா, மொத்தம் மட்டும் சொல்லுங்கள்" என்றான். இலங்கை ஆடும் ஆட்டத்தில், நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மைதானத்தில், யார் வெல்வார்கள் என்பது தனக்குத் தேவையில்லை என்று ஓர் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

பந்தயத்தின் அமைப்பு மிக எளிமையானது. அந்த எளிமைதான் ஆட்களை இழுக்கிறது. இருபது ஓவர் கொண்ட ஒரு ரி20 ஆட்டத்துக்கு முன், பந்தயம் நடத்தும் புக்கி ஓர் எண்ணை வெளியிடுவார். 320.5 என்று வைத்துக்கொள்வோம். இதை லைன் என்கிறார்கள். இரண்டு அணிகளின் ஓட்டங்களையும் கூட்டி 321 அல்லது அதற்கு மேல் வந்தால் ‘கூட’ என்று கட்டியவர்கள் வெல்வார்கள். 320 அல்லது அதற்குக் கீழே நின்றால் ‘குறைய’ என்று கட்டியவர்கள் வெல்வார்கள். கிரிக்கெட்டில் அரை ஓட்டம் கிடையாது. ஆட்டம் எப்படி முடிந்தாலும் ஒரு பக்கம் தோற்றே ஆகவேண்டும் என்பதற்காக அந்த அரையை ஒட்டிவைத்திருக்கிறார்கள். லைன் வெறும் 320 ஆக இருந்து, கூட்டுத்தொகையும் சரியாக 320 ஆக வந்தால், கட்டிய பணம் திரும்பிவிடும். காற்பந்தில் 2.5 கோல், கூடைப்பந்தில் 210.5 புள்ளி என்று மற்ற விளையாட்டுகளிலும் இதே வழக்கம்தான்.

பம்பலப்பிட்டி வாசகர் இதுவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் பார்க்காமல் விட்டது ஒட்ஸை, அதாவது வென்றால் கட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் எவ்வளவு திரும்பி வரும் என்ற எண்ணை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கொடுக்கப்படுவது 1.90 அல்லது அதை ஒட்டிய ஓர் எண். 1,000 ரூபா கட்டி வென்றால் 1,900 ரூபா கையில் வரும். அதில் 1,000 நீங்கள் கட்டிய உங்கள் சொந்தப் பணம். இலாபம் 900 மட்டுமே. தோற்றால் போவது 1,000. பாதிக்குப் பாதி என்றால் வென்றாலும் 1,000, தோற்றாலும் 1,000 என்றல்லவா இருக்கவேண்டும்?

அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்து, பழைய பதிவுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன். நீ ‘கூட’ என்று 1,000 கட்டுகிறாய். உன் நண்பன் ‘குறைய’ என்று 1,000 கட்டுகிறான். புக்கியின் கையில் 2,000. ஆட்டம் முடிந்ததும் உங்களில் ஒருவனுக்கு 1,900 போகிறது. 100 ரூபா அங்கேயே தங்குகிறது. 250 ஓட்டம் வந்தாலும் தங்கும், 400 வந்தாலும் தங்கும். செட்டியார் தெரு அடகுக் கடையில் நகையின் வேலைப்பாட்டுக்குப் பணம் தருவதில்லை, எடைக்குத்தான் தருகிறார்கள். புக்கியும் அப்படித்தான், ஆட்டத்தின் அழகை விட்டுவிட்டு இரண்டு பக்கத்திலும் விழும் பணத்தின் எடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு தடவைக்கு நூறு ரூபாதானே மாமா" என்றான். அதனால் நூறு தடவைக்கும் கணக்குப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் 1,000 ரூபா. 50 வெற்றி, 50 தோல்வி. வெற்றியில் வந்தது 45,000. தோல்வியில் போனது 50,000. சரிபாதி சரியாகச் சொன்னவன் 5,000 ரூபாவை இழந்து நிற்கிறான். 52 தடவை சரியாகச் சொன்னால்? வந்தது 46,800, போனது 48,000. இன்னும் 1,200 ரூபா நட்டம். 53 தடவை சரியாகச் சொன்னால்தான் 47,700 வந்து 47,000 போய், 700 ரூபா மிஞ்சுகிறது. நூறு பந்தயம், ஒரு இலட்சம் ரூபா புரட்டல், எத்தனையோ இரவுகளின் தூக்கம், கையில் மிஞ்சியது 700. பின்னத்தில் கணக்குப் பார்க்க விரும்புகிறவர்கள் 1ஐ 1.90ஆல் வகுத்துப் பார்க்கலாம், 52.63 சதவீதம் வரும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் 105.26. நூறைத் தாண்டி நிற்கும் அந்த 5.26இல்தான் கடையின் தரகு ஒளிந்திருக்கிறது.

நூற்றுக்கு 53 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆட்டம் தெரிந்தவனுக்கு அது பெரிய காரியமா என்று பலர் கேட்பார்கள். ஆடுகளம் மெதுவானது என்பது உங்களுக்குத் தெரிந்தால் லைன் போடுபவருக்கும் தெரியும். முதன்மைப் பந்துவீச்சாளருக்குக் காயம், மாலையில் பனி விழும், மைதானத்தின் ஒரு பக்கம் சிறியது, இவை எல்லாம் அந்த 320.5க்குள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டன. ஆட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் தெரிந்துவைத்திருப்பவன் 50 தடவை சரியாகச் சொல்வான். மீதி மூன்றுக்கு, லைன் போடுபவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கவேண்டும். ரீலோட் கடை வாசலில் அது கிடைக்காது.

அந்த லைன் நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. எல்லோரும் ‘கூட’ பக்கம் பணத்தைக் கொட்டினால் 320.5 சற்று நேரத்தில் 325.5 ஆகும். அல்லது எண் அப்படியே இருக்க, ‘கூட’வுக்கு ஒட்ஸ் 1.80 ஆகக் குறைந்து ‘குறைய’வுக்கு 2.00 ஆக ஏறும். அப்போதும் இரண்டு பக்கத்தையும் வகுத்துக் கூட்டிப் பாருங்கள்: 55.56உம் 50உம் சேர்ந்து 105.56. தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தரகு குறைவதில்லை.

தம்பியிடம் ஒரு கணக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கணிதம் நன்றாகப் படித்த பிள்ளைகளும் இதில்தான் சறுக்குகிறார்கள். கடைசி ஐந்து ஆட்டங்களின் மொத்த ஓட்டங்களைத் தொலைபேசியில் எடுத்துச் சராசரி பார்த்திருந்தான். சராசரி லைனைவிட அதிகம், ஆகவே ‘கூட’ என்பது அவன் முடிவு. நான் வேறு ஐந்து எண்களை உதாரணமாக எழுதினேன்: 290, 305, 310, 315, 430. கூட்டினால் 1,650, ஐந்தால் வகுத்தால் சராசரி 330. லைன் 320.5. சராசரி கிட்டத்தட்டப் பத்து ஓட்டம் மேலே நிற்கிறது. ஆனால் ஐந்தில் எத்தனை ஆட்டம் லைனைத் தாண்டியிருக்கிறது? 430 வந்த ஒரே ஓர் ஆட்டம்தான். மற்ற நான்கிலும் ‘கூட’ என்று கட்டியவன் தோற்றிருப்பான். 430 என்பது லைனை நூறு ஓட்டத்துக்கும் மேல் தாண்டியது என்பதற்காக யாரும் கூடுதலாக ஒரு சதம் கொடுக்கப் போவதில்லை. ஆனால் சராசரியை அது ஒன்றே தூக்கி நிறுத்திவிட்டது. இந்தப் பந்தயத்துக்குப் பார்க்கவேண்டியது இடையத்தை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை. இங்கே அது 310. இடையமும் சராசரியும் நம் பிள்ளைகளின் கணிதப் பாடப் புத்தகத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஏன் மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஐந்து ஆட்டம் என்பது எதையும் முடிவுசெய்யப் போதாது என்பது வேறு விடயம்.

பதிவாளரின் மேசையிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இரண்டாவதாக ஆடும் அணி தன் விருப்பத்துக்கு ஓட்டம் குவிக்க முடியாது. இலக்கைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும். முதல் அணி 157 ஓட்டம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது அணி 157ஐ எட்டிச் சமநிலையில் நிற்கும்போது ஒரு சிக்ஸர் அடித்தால்கூட 163தான். 157உம் 163உம் 320. லைன் 320.5 என்றால், முதல் இன்னிங்ஸ் முடிந்து வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போவதற்குள்ளேயே ‘கூட’ செத்துவிட்டது. இருபது ஓவர் ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் இதையறியாமல் கடைசி வரை தொலைபேசியை வெறித்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படியானால் எப்போதும் ‘குறைய’ என்று கட்டினால் போதுமா என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இந்தக் கட்டுப்பாடும் லைனுக்குள் சேர்ந்த ஒன்றுதான்.

எண்கள் எவ்வளவு தூரம் விலகி விழும் என்பதற்கு நம் மைதானமே சாட்சி. 2023 செப்டெம்பர் 17 அன்று ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம் கெத்தாராமையிலுள்ள ஆர். பிரேமதாச விளையாட்டரங்கில் நடந்தது. ஐம்பது ஓவர் ஆட்டம். மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுக்க, இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியா 6.1 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 51. இரண்டும் சேர்த்து 101. அதே அரங்கில் 2012 ஒக்டோபர் 7 அன்று நடந்த ரி20 உலகக் கிண்ண இறுதியில் மேற்கிந்தியத் தீவுகள் 137, நாம் 101, மொத்தம் 238. அந்த இரவு கொழும்பு முழுவதும் எப்படி அடங்கிப்போனது என்பது பலருக்கு நினைவிருக்கும். மறுபுறம் 2007இல் ஜொஹானஸ்பேர்க்கில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 20 ஓவரில் 260 ஓட்டம் குவித்தது. கென்யா 88க்கு ஆட்டமிழந்தது. ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வறட்சி, கூட்டினால் 348. அதே நகரில் 2006 மார்ச் 12 அன்று ஒருநாள் ஆட்டமொன்றில் அவுஸ்திரேலியா 434, தென்னாபிரிக்கா 438, மொத்தம் 872. அந்தத் தாளை எழுதிய பதிவாளர்களை நினைத்து இன்றும் எனக்குப் பொறாமை வருகிறது. இவற்றில் எதையும் காலையில் தேநீர் குடிக்கும்போது சொல்லியிருக்கக்கூடியவர் எவருமில்லை. கிரிக்கெட்டை நான் நேசிப்பதற்குக் காரணமே அதுதான்.

சரியாகச் சொல்லியும் பணம் வராமல் போகும் இடங்களும் உண்டு. 2022 டிசெம்பர் 18 அன்று கட்டாரில் நடந்த உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியை நம்மில் பெரும்பாலோர் பார்த்தோம். ஆர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3; பெனல்டியில் ஆர்ஜென்டினா வென்றது. ஆறு கோல்கள். 4.5 கோலுக்குக் ‘கூட’ என்று கட்டியவன் வென்றுவிட்டதாகவே நினைப்பான். ஆனால் வழக்கமான மொத்த கோல் பந்தயம் 90 நிமிடங்களுக்கும் அதனோடு சேர்க்கப்படும் காயநேரத்துக்கும் மட்டுமே உரியது. அந்த நேரம் முடிந்தபோது 2க்கு 2. நான்கு கோல்கள்தான். மேலதிக நேரத்தில் விழுந்த இரண்டும் கணக்கில் இல்லை. கிரிக்கெட்டிலும், சமநிலையை முறிக்க ஆடப்படும் சூப்பர் ஓவரில் எடுக்கும் ஓட்டங்களைப் பெரும்பாலும் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. மழை வந்து ஓவர்கள் குறைக்கப்பட்டால் பல இடங்களில் பந்தயம் செல்லாததாகிப் பணம் திரும்பும். எத்தனை ஓவர் குறைந்தால் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விதியில் தானே எழுதிவைத்திருக்கிறது. மழைக்குப் பேர்போன நம் ஊரில் இது சின்ன விடயமல்ல. அந்த விதிகளைத் தமிழில் ஒரு தடவையாவது யாராவது நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார்களா?

இதைவிட மோசமானது, பல ஆட்டங்களின் மொத்தங்களை ஒரே சீட்டில் கோத்துக் கட்டுவது. நான்கும் சரியாக வரவேண்டும். ஒன்று பிழைத்தாலும் எல்லாம் போய்விடும். தம்பியின் கண்கள் இங்கேதான் மின்னின. நான்கு தடவை 1.90ஐப் பெருக்கினால் 13.03. 1,000 ரூபாவுக்கு 13,000 ரூபாவுக்கு மேல். புடவைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கு அது பெரிய தொகை. ஆனால் நான்கு பாதிக்குப் பாதிகள் ஒன்றாகச் சரிவருவது பதினாறில் ஒரு தடவை. நியாயமான கணக்கில் 16,000 கிடைத்திருக்கவேண்டும். தனிப் பந்தயத்தில் நூற்றுக்கு 5 ஆக இருந்த தரகு, கோத்த சீட்டில் 18ஐத் தாண்டிவிடுகிறது. சீட்டு எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்குக் கடையின் பங்கும் கூடும். பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யப்படுவது இந்த நீளச் சீட்டுகள்தான் என்பதைக் கவனியுங்கள்.

முழு ஆட்டத்தின் மொத்தம் போதாதென்று இப்போது முதல் ஆறு ஓவரில் எத்தனை, அடுத்த ஓவரில் எத்தனை என்றும் கேட்கிறார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கட்டலாம். தொலைபேசிக்கு வரும் படம் மைதானத்தில் நடப்பதைவிடச் சில வினாடிகள் பிந்தியது. வேகமாகத் தகவல் பெறுபவனோடு பிந்தித் தகவல் பெறுபவன் மோதுகிறான். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. முழு ஆட்டத்தின் மொத்தத்தை யாரும் தனியாகத் திருப்ப முடியாது. இருபத்திரண்டு பேர் ஆடுகிறார்கள். ஒரே ஓர் ஓவரைத் திருப்ப ஒரு பந்துவீச்சாளர் போதும். 2010இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பணத்துக்காகக் குறித்த பந்துகள் நோ போலாக, அதாவது விதிமீறிய பந்தாக, வீசப்பட்டன. அதற்காகப் பாகிஸ்தான் வீரர்களான சல்மான் பட், மொஹமட் ஆசிப், மொஹமட் ஆமிர் மூவரும் 2011இல் இலண்டன் நீதிமன்றத்தால் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்தப் பந்துகளும் ஒரு பதிவாளரின் தாளில் வட்டமாக ஏறியிருக்கும். நாங்கள் வட்டத்தைத்தான் போடுவோம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்குத் தாளில் கட்டம் இல்லை. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டில் இத்தகைய மோசடியைக் குற்றமாக்கி, 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிசெய்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஓர் ஓவரின் ஓட்டத்துக்கு இலட்சக்கணக்கான பேர் பணம் கட்டும் வரை, அந்த ஓவருக்கு விலைபேச வருபவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள்.

தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தடைசெய்தால் அது ரீலோட் கடை வாசலிலிருந்து சந்துக்குள் போகும், அவ்வளவுதான். நான் கேட்பது வேறு.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பெரிய ஆட்டங்களுக்கு முன் ‘எத்தனை ஓட்டம் எதிர்பார்க்கலாம்’ என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. எழுதுகிறவருக்குத் தவறான நோக்கம் இருக்காது என்பது என் நம்பிக்கை. ஆனால் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பந்தயம் கட்டப் போகிறவர்களை நான் பார்க்கிறேன். அந்தப் பெட்டியை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால், 1.90இல் நூற்றுக்கு 53 தடவை சரியாகச் சொன்னால்தான் கட்டிய பணம் காப்பாற்றப்படும் என்ற கணக்கை அதன் கீழே ஒவ்வொரு தடவையும் அச்சிடுங்கள். இரண்டு வரிதான் பிடிக்கும்.

கணித ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாதாரண தர மாணவருக்கு நிகழ்தகவு கற்பிக்கும்போது நாணயத்தைச் சுண்டுகிறோம், தாயக்கட்டையை உருட்டுகிறோம், பையிலிருந்து சிவப்புப் பந்தையும் நீலப் பந்தையும் எடுக்கிறோம். பிள்ளைக்கு அந்தப் பை எங்கே பயன்படுகிறது என்று புரிவதில்லை. ஒரு பாடவேளையை 1.90க்கு ஒதுக்குங்கள். நூறு தடவை நாணயத்தைச் சுண்டவைத்து, தலைக்கு 900 வரவு, பூவுக்கு 1,000 செலவு என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். முடிவில் யார் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பிள்ளைகளே கூட்டிப் பார்க்கட்டும். தகப்பன்மார் பந்தயம் கட்டும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

2025இல் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கென ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வரி எவ்வளவு வரும் என்று நிறையப் பேசப்பட்டது. அனுமதி பெறும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு செயலியும், தான் கொடுக்கும் ஒட்ஸில் தன் தரகு நூற்றுக்கு எத்தனை என்பதைப் பணம் கட்டும் இடத்திலேயே சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டவேண்டும் என்று அந்தச் சபை கட்டாயமாக்கலாம். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் போடவைத்த நாடு இது. ஒரு சதவீத எண்ணைப் போடவைப்பது கடினமாக இருக்காது. நீளச் சீட்டுகளுக்குத் தனியாக, அந்தச் சீட்டின் மொத்தத் தரகு என்னவென்றும் காட்டவேண்டும். மொத்த ஓட்டப் பந்தயத்தின் விதிகளும் (மழை, சூப்பர் ஓவர், மேலதிக நேரம்) தமிழில் அதே இடத்தில் இருக்கவேண்டும்.

பம்பலப்பிட்டி வாசகர் என் மீது கோபப்படமாட்டார் என்று நினைக்கிறேன். அவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார். அடுத்த தடவை யாராவது அவரிடம் பாதிக்குப் பாதி என்று சொன்னால், ஒட்ஸ் என்ன என்று மட்டும் அவர் திருப்பிக் கேட்கட்டும். விடை 2.00ஐவிடக் குறைவாக இருந்தால், மேலே உள்ள கணக்கை எழுதிக் காட்ட ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் ஓட்டப் பதிவாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.